வீடு விற்று ஏழாம் மாதம் வந்த பில்

2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை. ஏலக்காய் எடுப்பு நேரம். பச்சைக் காயை ஸ்டோரில் இறக்கிவிட்டு, விரலில் பிசுக்கோடு போனைத் திறந்தால், என் வீட்டு விற்பனையைப் பார்த்த வக்கீலான லண்டன் சொலிசிட்டர் ஆபீஸிலிருந்து மெயில். கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் இருந்த என் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டை மார்ச் 17-ஆம் தேதியே விற்று முடித்தாயிற்று. பணம் வந்து, சாவி கைமாறி, நானும் குமுளிக்கே திரும்பிவிட்டேன். இப்போது 832 பவுண்டு 50 பென்ஸ் அனுப்பு என்கிறார்கள். பவுண்டுக்கு நூறு ரூபாய் என்று போட்டாலே எண்பத்து மூவாயிரம்.

தெருமுனையில் ஆதாரம் (பத்திரம்) எழுதுகிறவரிடம் சொன்னேன். மலையாளி. "ஆதாரம் பதிஞ்ஞு கழிஞ்ஞில்லே, பின்னே எந்தினா சேச்சி பைசா?" என்றார். பத்திரம் பதிந்து முடிந்ததே, அப்புறம் எதற்கு அக்கா காசு என்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம்ம பக்கம் பீர்மேட்டில் ஆதாரம் பதிந்து, எழுத்துக்கூலி கொடுத்து, ஒரு டீ குடித்தால் விற்றவருக்கு வேலை முடிந்தது. போக்குவரவு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) செய்வதும் கரம் (நிலவரி) கட்டுவதும் வாங்கினவர் பாடு. இங்கிலாந்தில் லீஸ்ஹோல்டு ஃபிளாட் அப்படி இல்லை. விற்ற பிறகும் ஒரு வால் தொங்கும். என்னைப் போல அங்கே இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, ஒரு ஃபிளாட் வாங்கி, விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கம்பம், போடி, வண்டிப்பெரியாறு பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உள்ளது. ஸ்காட்லாந்தில் கதை வேறு.

லீஸ்ஹோல்டு என்றால் என்ன என்று குமுளிக்காரருக்கு விளக்கவே வேண்டாம். முல்லைப்பெரியாறு அணை நிற்பதே லீஸில்தான். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜா 8,000 ஏக்கரை 999 வருஷத்துக்கு, ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் என்று வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஐந்து ரூபாய் மாதிரியான வாடகைக்கு இங்கிலாந்தில் பெயர் கிரவுண்ட் ரென்ட். ஃபிளாட்டிலும் அதே ஏற்பாடு. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் என்கிற உரிமையாளருடையது, நம்மிடம் இருப்பது இத்தனை வருஷம் என்ற குத்தகை மட்டும். அதற்கு மேல் படிக்கட்டு விளக்கு, கூரை, லிஃப்ட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பங்காக சர்வீஸ் சார்ஜ். அதை வசூலிக்க ஒரு மேனேஜிங் ஏஜென்ட். வால் முளைப்பது பெரும்பாலும் இந்த சர்வீஸ் சார்ஜிலிருந்துதான்.

பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன்

மெயிலின் அடியில் பேங்க் விவரம் இருந்தது. அனுப்பச் சொன்ன கணக்கு பழைய கணக்கா என்று பார்க்காமலே அனுப்பி ஏமாந்தவர்கள் அங்கே நிறைய. வீடு விற்கிறவர்களின் மெயிலை ஒளிந்திருந்து படித்து, சொலிசிட்டர் பெயரில் பொய் மெயில் போட்டுப் பணம் பறிப்பது இங்கிலாந்தில் பழைய மோசடி. அதனால் முதல் வேலை, முதன்முதலாக வந்த கடிதத்தாளில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்வது. வந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு வேண்டாம். நம்ம ஊரில் மத்தியானம் இரண்டரை ஆனால் அங்கே பத்து மணி. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் மூன்றரை.

பில் உண்மைதான் என்றார்கள். மனசுக்குள் திட்டிக்கொண்டே, "வரி வரியாகப் பிரித்து அனுப்புங்கள்" என்று கேட்டேன். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது.

பிடித்தக் கணக்கு

என் அப்பா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. சம்பள நாளில் லயத்து வாசலில் ஆட்கள் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "மொத்தத்தைப் பாக்காத தாயி, பிடித்தத்தைப் பாரு. அரிசிக்கு ஒண்ணு, கம்பளிக்கு ஒண்ணு, அட்வான்ஸுக்கு ஒண்ணு. எது யாருக்குப் போகுதுன்னு கேளு" என்பார். லண்டன் பில்லுக்கும் எனக்கு அதுதான் உதவியது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இந்தக் காசு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று எழுதினேன்.

என் பில் இப்படி இருந்தது. சர்வீஸ் சார்ஜ் வருஷ முடிவுக் கணக்கில் விழுந்த துண்டு 912.50 பவுண்டு. ஏஜென்டின் நிர்வாகக் கட்டணம் 120. விற்பனைக்குப் பிந்தைய வேலைக்கு சொலிசிட்டர் ஃபீஸ் 250, அதற்கு வாட் 20 சதவீதம் 50. கூட்டினால் 1,332.50. விற்ற அன்று பிடித்து வைத்திருந்த 500 போக மீதி 832.50.

மூன்று கைகள். ஒன்று கட்டடத்துக்கு, ஒன்று ஏஜென்டுக்கு, ஒன்று சொலிசிட்டருக்கு. ஒவ்வொன்றையும் கேள்வி கேட்கும் இடம் வேறு. மூன்றையும் சேர்த்து "அநியாயம்" என்று ஒரே மெயிலில் எழுதினால், மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கட்டடக் கணக்கு

அந்த 500 எதற்குப் பிடித்தார்கள்? ஃபிளாட் விற்கும்போது அந்த வருஷத்து சர்வீஸ் சார்ஜ் வெறும் மதிப்பீடுதான். உண்மைக் கணக்கு வருஷம் முடிந்து பல மாதம் கழித்தே வரும். துண்டு விழுந்தால் அதை வாங்கினவர் தலையில் கட்டக்கூடாது என்பதற்காக, விற்றவர் பணத்தில் கொஞ்சத்தைச் சொலிசிட்டர் கையில் நிறுத்தி வைப்பார்கள். ரிடென்ஷன் என்பார்கள். இது வாங்குகிறவரும் விற்கிறவரும் கான்ட்ராக்டில் ஒத்துக்கொள்கிற விஷயம். அதனால் திறந்து பார்க்க வேண்டிய முதல் காகிதம் கான்ட்ராக்ட். அதில் ரிடென்ஷன் பற்றி ஒரு தனி நிபந்தனை இருக்கும். எவ்வளவு, எதற்கு, எப்போது திருப்பித் தர வேண்டும், பிடித்ததற்கு மேல் துண்டு விழுந்தால் விற்றவர் தர வேண்டுமா, இத்தனையும் அந்த நாலு வரியில் அடங்கும். என்னுடையதில் "மேலும் தர வேண்டும்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டபோது அந்த வரியை நான் படிக்கவில்லை, அன்று நைட் ட்யூட்டி முடித்துவிட்டு வந்திருந்தேன்.

சரி, தர வேண்டும். எவ்வளவு? எங்கள் கட்டடத்தின் கணக்கு வருஷம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 912.50 என்பது முழு வருஷத்துக்கான துண்டு. நான் மார்ச் 17 வரைதான் சொந்தக்காரி. அங்கே வழக்கமாகப் பயன்படுகிற பொது விற்பனை நிபந்தனைகளின்படி, விற்கிற நாள் முடியும்வரை விற்றவர் கணக்கு. காலண்டரை எடுத்து எண்ணினேன். 365 நாளில் 351 நாள் என்னுடையது, 14 நாள் வாங்கினவருடையது. 912.50-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 2.50. பதினாலு நாளுக்கு 35 பவுண்டு. என் பங்கு 877.50. சொலிசிட்டர் ஆபீஸில் யாருமே இந்த வகுத்தலைச் செய்யவில்லை. ஏஜென்ட் அனுப்பிய தொகையை அப்படியே எனக்குத் தள்ளியிருந்தார்கள். முப்பத்தைந்து பவுண்டு பெரிய தொகை இல்லை, ஆனால் அதைக் காட்டிய பிறகு அவர்கள் மெயிலில் பேசும் தொனியே மாறியது.

துண்டு ஏன் விழுந்தது என்றும் கேளுங்கள். வருஷக் கணக்கின் நகலும் போன வருஷக் கணக்கும் வேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு வந்ததில் பொது விளக்கு மின்கட்டணமும் இன்ஷூரன்ஸும்தான் ஏறியிருந்தன. 2022-இல் அங்கே மின்சார விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும், அதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் கணக்கில் பெரிய மராமத்து வேலை இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஒரு வேலைக்கு ஒரு ஃபிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், லீஸ் வைத்திருப்பவர்களிடம் முறைப்படி கலந்து பேசியிருக்க வேண்டும். பேசாவிட்டால், டிரிப்யூனல் (தீர்ப்பாயம்) விலக்கு கொடுத்தாலொழிய, 250-க்கு மேல் வாங்க முடியாது. செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் பில் கேட்டிருக்க வேண்டும், அல்லது செலவாகியிருக்கிறது என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தச் செலவைக் கேட்க முடியாது. பில்லோடு உரிமைகள், கடமைகள் பற்றிய சுருக்கக் குறிப்பு இணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். மூன்றும் 1985-ஆம் வருஷத்து லேண்ட்லார்டு அண்ட் டெனன்ட் சட்டத்தில் உள்ளவை. எனக்கு மூன்றும் உதவவில்லை, எங்கள் ஏஜென்ட் அந்த விஷயத்தில் சுத்தம்.

ஒரு சிக்கல் உண்டு. ரசீதுகளைத் திறந்து காட்டு என்று ஏஜென்டிடம் கேட்கும் உரிமை இப்போது லீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அதாவது வாங்கினவருக்கு. உங்கள் சொலிசிட்டர், அவர் சொலிசிட்டர் வழியாகத்தான் கேட்க வேண்டும். தொகை பெரிதென்றால் கேளுங்கள். சிறிதென்றால் அந்தக் கடிதப் போக்குவரத்துக்கே சொலிசிட்டர் இன்னொரு பில் போடுவார்.

ஏஜென்டின் 120

இந்த வரியில் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். "எதற்கான கட்டணம், எந்தத் தேதியில், யார் பெயரில்?" என்று கேட்டேன். வந்த பதில்: வாங்கினவருக்கு அனுப்பிய பில்லை அவர் முப்பது நாளில் கட்டவில்லை, நினைவூட்டுக் கடிதம் போட்ட கட்டணம். அவர் தாமதித்ததற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? கான்ட்ராக்டில் நான் ஒத்துக்கொண்டது என் காலத்துச் செலவின் பங்கை மட்டும். மெயிலில் இரண்டே வரியில் எழுதினேன், திருத்திய பில்லில் நீக்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட நிர்வாகக் கட்டணங்கள் நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதுவரை போக வேண்டிய தேவையே வரவில்லை.

எங்கள் ஊரில் ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் சாம்பிள் என்று சொல்லிக் கை நிறைய அள்ளிக்கொண்டு போவார்கள். கேட்டால்தான் கீழே வைப்பார்கள். 120 பவுண்டு அந்த ரகம்.

சொலிசிட்டரின் 250-ம் வாட்டும்

வேலை ஆரம்பித்தபோது சொலிசிட்டர் ஒரு நீளக் கடிதம் அனுப்பியிருப்பார். கிளையன்ட் கேர் லெட்டர் என்பார்கள், விதிமுறைத்தாள் ஒன்றும் கூட இருக்கும். நம்மில் பாதிப் பேர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம். அதைத் தேடி எடுங்கள். அதில் "ஃபிக்ஸட் ஃபீ" என்று இருக்கிறதா, "எஸ்டிமேட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிக்ஸட் என்றால் எதெல்லாம் அதற்குள், எதெல்லாம் வெளியே என்று பட்டியல் இருக்கும். எஸ்டிமேட் என்றால் ஏறலாம், ஆனால் ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலை நடக்க நடக்க, மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்ற தகவலைக் கிளையன்டுக்குத் தர வேண்டும் என்பது அவர்களுடைய நடத்தை விதியிலேயே உள்ளது. வீட்டு விற்பனைக்கான கட்டணத்தை வெப்சைட்டில் போட வேண்டும் என்று 2018 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடிதத்தின் நாலாம் பக்கத்தில், கூடுதல் வேலைகள் என்ற தலைப்பின் கீழ் ஒன்பதாவது வரியில், ரிடென்ஷன் நிர்வாகம் 100 பவுண்டு, வாட் தனி என்று இருந்தது. பில்லில் 250. யாரோ பழைய ரேட்டைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. எனக்கு அதைப் பற்றி ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, வரியின் கீழ் சிவப்பில் கோடு போட்டு அனுப்பினேன்.

அதே கடிதத்தை வைத்து இன்னொன்றையும் சரிபார்த்தேன். மார்ச் மாதம் விற்பனை முடிந்தபோது வந்த கம்ப்ளீஷன் கணக்குத்தாளிலேயே லீஸ்ஹோல்டு கூடுதல் கட்டணம், பேங்க் டிரான்ஸ்ஃபர் கட்டணம், அடையாளச் சோதனை என்று வரிசையாகப் பிடித்திருந்தார்கள், பணம் வந்த சந்தோஷத்தில் நான் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவையெல்லாம் கடிதத்தில் சொன்னபடியே இருந்தன. அதைக் கிளறவில்லை.

நான் அனுப்பிய மெயில் மொத்தமே ஆறு வரி. நாள் கணக்குப்படி என் பங்கு 877.50, கணக்கீடு இணைப்பில். நினைவூட்டுக் கட்டணம் 120 வாங்கினவர் தாமதத்தால் வந்தது, என் பொறுப்பில்லை. உங்கள் ஃபீஸ் கடிதத்தின்படி 100, வாட்டோடு 120. கூட்டினால் 997.50. கையிருப்பு 500 போக நான் தர வேண்டியது 497.50. திருத்திய பில் வந்ததும் ஒரு வாரத்தில் அனுப்புகிறேன். இதில் உடன்பாடு இல்லையென்றால் உங்கள் புகார் நடைமுறையை அனுப்பவும்.

கடைசி வரி முக்கியம். "புகார்" என்ற சொல் எழுத்தில் இருந்தால், கெடு எந்த நாளில் ஓட ஆரம்பித்தது என்பதில் தகராறு வராது. எட்டு வாரத்தில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ வந்தது பிடிக்காவிட்டாலோ, வக்கீல்கள் மேலான புகாரை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், நமக்குச் செலவில்லை. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள், சம்பவம் நடந்தோ நமக்குத் தெரிய வந்தோ ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கோர்ட்டில் பில்லை மதிப்பிடச் சொல்லும் வழியும் உண்டு. 1974-ஆம் வருஷ சொலிசிட்டர்ஸ் சட்டப்படி, பில் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் உரிமையாகக் கிடைக்கும். மாதம் தாண்டினால் கோர்ட் நிபந்தனை போடலாம். வருஷம் தாண்டினாலோ பில்லைக் கட்டிவிட்டாலோ விசேஷக் காரணம் காட்டியாக வேண்டும். மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்தச் செலவு பொதுவாகச் சொலிசிட்டர் தலையில், குறையாவிட்டால் நம் தலையில். முந்நூறு பவுண்டு பில்லுக்கு அங்கே போவது எலிக்கு மலையைத் தோண்டுகிற வேலை. மூவாயிரம் என்றால் யோசிக்கலாம். எப்படியானாலும் பில் வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள், "முதலில் கட்டிவிட்டு அப்புறம் கேட்போம்" என்று நினைக்காதீர்கள். நம் பணம் அவர்கள் கிளையன்ட் அக்கவுண்டில் இருந்தாலும், ஃபீஸுக்கான பில்லை நமக்குத் தராமல் அதிலிருந்து தங்கள் ஃபீஸை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவர்கள் விதி.

பதினோரு நாளில் திருத்திய பில் வந்தது. 497.50. ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. கட்டினேன்.

இன்னும் விற்காதவர்கள்

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டை விலைக்குப் போடும்போதே மேனேஜிங் ஏஜென்டிடம் மேனேஜ்மென்ட் பேக் விலையைக் கேளுங்கள். எல்.பி.இ. 1 என்ற படிவத்துக்குப் பதில்களும் கணக்குகளும் சேர்ந்த கட்டு அது, காசு விற்கிறவருடையது, சில நூறு பவுண்டு ஆகும். ரொம்ப முன்னாலேயே வாங்கினால் விற்பனை இழுத்தடிக்கும்போது பழசாகி இன்னொரு தடவை காசு கொடுக்க நேரும். இங்கிலாந்தில் குறைந்தது ஐந்து தளமோ 11 மீட்டர் உயரமோ உள்ள கட்டடம் என்றால் 2022-ஆம் வருஷக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்கான சான்றிதழ்களும் வேண்டும். அந்த வேலைக்குப் பல சொலிசிட்டர்கள் தனியாக ஃபீஸ் போடுகிறார்கள், முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ரிடென்ஷன் பேரம் பேசக்கூடியது. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, சொலிசிட்டரும் தானாகச் சொல்ல மாட்டார். கடந்த மூன்று வருஷக் கணக்கில் எவ்வளவு துண்டு விழுந்தது என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த தொகையே உச்சவரம்பு, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்தில் கணக்கு வராவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு கெடு வையுங்கள். நான் அந்த உச்சவரம்பை மட்டும் எழுதி வாங்கியிருந்தாலே 997.50 என்பது 620 ஆகியிருக்கும், பிடித்த 500-ம் சொலிசிட்டரின் 120-ம்தான்.

ஊர் திரும்பியவர்களுக்கு இன்னும் இரண்டு. பிரிட்டனுக்கு வெளியே வசிக்கிறவர் அங்கே வீடு விற்றால், வரி வராவிட்டாலும், விற்று முடித்த 60 நாளுக்குள் அங்குள்ள வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 100 பவுண்டு அபராதத்தில் ஆரம்பிக்கும். சொலிசிட்டர் இதை ஞாபகப்படுத்துவார் என்று இருக்காதீர்கள், வரி ஆலோசனை எங்கள் வேலையில்லை என்று அந்த நீளக் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா அப்படித்தான் மாட்டினார்.

அடுத்தது, அங்குள்ள பேங்க் கணக்கை உடனே மூடாதீர்கள். கட்டடத்தின் வருஷக் கணக்கு வரும்வரை ஆயிரம் பவுண்டோடு அது திறந்தே கிடக்கட்டும். நான் அதிலிருந்துதான் கட்டினேன், இரண்டு நிமிஷ வேலை. இங்கிருந்து அனுப்புவதென்றால் பேங்கில் ஏ-2 படிவம், பான் கார்டு, பில் நகல், எதற்கான பணம் என்ற விளக்கம், மேலே டிரான்ஸ்ஃபர் கட்டணம்.

கட்டிய பிறகு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ரிடென்ஷன் தீர்ந்தது, கையில் பணம் எதுவும் இல்லை, மேற்கொண்டு பாக்கி இல்லை, ஃபைல் மூடப்பட்டது என்று நாலு விஷயமும் அதில் இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்ததில் மூன்றுதான் இருந்தது, "பாக்கி இல்லை" விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பி அதையும் சேர்த்து வாங்கினேன். இப்போது அது அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகள் இருக்கிற தகரப் பெட்டியில் இருக்கிறது.